சீனியின் முதுகில் விழுந்த துவாய்

கனகசுந்தரத்தின் குரலைக் கேட்காமல் திருக்கடலூர்க் கரையில் ஒரு மீனும் கைமாறியதில்லை. காலை ஆறரைக்கு வள்ளங்கள் கரையேறும். மணலில் விரித்த சாக்குகளில் பாரை, அறக்குளா, விளைமீன் என்று கூறு கூறாகக் கொட்டுவார்கள். அந்தக் கூறுகளுக்கு நடுவே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துவாயோடு அவர் நிற்பார். வாயைத் திறந்தால் போதும். தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஏலத்துக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று சொல்லி முடித்ததும் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து மீன் கூறின்மேல் போடுவார். துவாய் விழுந்தால் விழுந்ததுதான். பிறகு யார் வந்து கெஞ்சினாலும் அந்தக் கூறு வேறொருவருக்கு இல்லை. ஒருமுறை சொந்த மச்சானுடைய மீனே அடிமாட்டு விலைக்கு விழுந்துவிட்டது. மச்சான் மணலில் விழுந்து புரளாத குறை. கனகசுந்தரம் துவாயை எடுக்கவில்லை. மச்சான் இரண்டு வருடம் அவர் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. ஆனால் கரையில் அவர் பெயர் ஒரு பனை உயரத்துக்கு ஏறிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயரைத்தான் அவர் சோறுபோல உண்டு வாழ்ந்தார்.

இன்னொன்றையும் அந்தக் கரை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. சில வியாபாரிகள் வாயே திறக்க மாட்டார்கள். முதல் தரத்துக்குக் கல்லாக நிற்பார்கள். இரண்டாம் தரத்துக்கு உதடு துடிக்கும். மூன்றாவது வரப்போகிறது என்றதும், அதுவரை ஊமையாக நின்றவன் தொண்டை கிழியக் கத்துவான். கையைவிட்டுப் போகப்போகிறது என்ற பயம் எந்த வாயையும் திறந்துவிடும் என்று கனகசுந்தரம் வேதவாக்காக நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் ஒரு பச்சைப் பிள்ளையின் குரல்வளையில் கை வைத்தது. ஐயோ, அதுவும் பெற்ற பிள்ளை!

யதுசிகாவுக்கு அப்போது பதினொரு வயது. கனகசுந்தரத்துக்கும் கமலேஸ்வரிக்கும் கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த ஒரே மகள். வீட்டுக்குள் அவள் ஒரு வானொலிப் பெட்டி. குசினியில் தாய் மீன் அரியும்போது பக்கத்தில் குந்தியிருந்து ஓயாமல் கதைப்பாள். தகப்பனைப்போலவே கையை உயர்த்திக்கொண்டு கத்தரிக்காயை ஏலம் போடுவாள். படலையைத் தாண்டினாளோ, யாரோ தொண்டைக்குள் திறப்பைப் போட்டுப் பூட்டியதுபோல ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் அவள் குரலைக் கேட்டவர் இல்லை. வரவு கூப்பிட்டால் கையை உயர்த்துவாள். ஒருநாள் கதவில் விரல் நசிந்து இரத்தம் கொட்டியபோதும் வாயிலிருந்து சத்தம் வரவில்லை; கண்ணீர் மட்டும் வந்தது.

கரையில் கதை பரவாமல் இருக்குமா? சைக்கிளில் மீன் விற்கும் ஜவ்பர் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"கனகண்ணே, ஊட்டுல இரிக்கிற தொண்ட முழுசையும் நீங்களே எடுத்துக்கிட்டு வந்திட்டீங்களா? புள்ளைக்கி ஒரு துண்டும் வெக்கல்லியா?"

கரையே சிரித்தது. கனகசுந்தரமும் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய் மகளை இழுத்துவந்து படலையில் நிறுத்தி, "போற ஆக்களுக்குக் கேக்க 'அப்பா' எண்டு கூப்பிடு" என்று ஈர்க்குமாற்றை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே பன்னிரண்டு கோடுகள் விழுந்தன. யதுசிகா கூப்பிடவில்லை. கமலேஸ்வரி ஓடிவந்து பிள்ளையைத் தன் சேலைக்குள் மூடிக்கொண்டாள்.

தொண்டை டாக்டர் பார்த்தார். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். கோயிலில் வசம்பும் தேனும் நாக்கில் தடவினார்கள். கடைசியில் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர்தான், மனக்கவலைப்படும் பிள்ளைகளைப் பார்க்கும் இடம் ஒன்று டவுனில் இருக்கிறது என்று கமலேஸ்வரியின் காதில் போட்டார். பழைய ஓட்டுவீடு ஒன்று. முன்னால் வேப்பமரம், வாசலில் ஒரு காவலாளி, உள்ளே பாய், பொம்மைகள், கலர்ப் பென்சில்கள். அங்கே இருந்தவள்தான் நிரோஜினி மிஸ். முப்பது வயதிருக்கும். மெதுவாகக் கதைப்பாள், அதைவிட மெதுவாகச் சிரிப்பாள்.

"பிள்ளை பிடிவாதத்தில கதைக்காமல் இருக்கேல்லை ஐயா," என்றாள் அவள், முதல்நாளே. "அவவுக்குக் கதைக்க ஏலாமல் இருக்கு. பயம் வந்து தொண்டையை இறுக்குது. வெருட்டினால் இன்னும் இறுகும். வீட்டில அவ ஆரோட கூடக் கதைப்பா?"

"ஆட்டோட," என்றாள் கமலேஸ்வரி வெட்கத்தோடு.

அதுதான் சீனி. பால் நிறத்தில், நெற்றியில் மட்டும் தவிட்டு நிறப் பொட்டு வைத்த பெண் ஆட்டுக்குட்டி. தாய் செத்துப்போக, யதுசிகாதான் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாமல் போன அத்தனை சொல்லையும் பின்னேரத்தில் கொண்டுவந்து சீனியின் காதுக்குள் கொட்டுவாள்.

"அப்ப சீனியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள் நிரோஜினி.

மறுகிழமை ஆட்டோவிலிருந்து ஆடு இறங்கியதைப் பார்த்துக் காவலாளி ஞானசேகரம் வாசலை மறித்தார். "இவவுக்கும் நம்பர் எடுத்தனீங்களோ? ஆருக்குக் கவலை, பிள்ளைக்கோ ஆட்டுக்கோ?" யதுசிகா தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்ட கமலேஸ்வரிக்கு அந்த மனிதரின் காலில் விழலாம்போல இருந்தது.

நிரோஜினி ஒரு காகித மட்டையில் பத்துப் படி வைத்த ஏணி ஒன்றைக் கீறிக் கொடுத்தாள். முதற்படியில் யதுசிகாவும் சீனியும் வேப்பமரத்தடியில் தனியே இருப்பார்கள். மிஸ் வீட்டுக்குள் இருப்பாள். இரண்டாம் படியில் மிஸ் வாசலில் வந்து, அவளைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள். பிறகு நாலடி கிட்ட. பிறகு இன்னும் நாலடி. எட்டாம் படியில்தான் மிஸ்ஸுக்கு ஒரு சொல். ஒன்பதில் காவலாளி மாமாவுக்கு ஒரு சொல். பத்தில் வகுப்பில் வரவு கூப்பிடும்போது "ஓம் ரீச்சர்". ஒவ்வொரு படிக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். அந்த மட்டையை வீட்டில் அலுமாரிக் கதவில் யதுசிகாவே ஒட்டினாள்.

"இண்டைக்குக் கதைச்சியோ எண்டு கேக்கக் கூடாது," என்றாள் நிரோஜினி பெற்றோரிடம். "அவ ஏறட்டும். நாங்கள் கீழ நிண்டு பாத்தாப் போதும்."

மூன்று மாதத்தில் ஏழு நட்சத்திரங்கள் விழுந்தன. ஏழாவது நட்சத்திரம் கிடைத்த அன்று, நிரோஜினி ஒரு முழ தூரத்தில் இருந்து ஆட்டுக்கு வேப்பங்குழை ஆய்ந்துகொண்டிருக்க, யதுசிகா சீனியிடம் மெல்லிய குரலில், "தண்ணி குடிக்கப் போறியோ?" என்று கேட்டாள். நிரோஜினி தலையை நிமிர்த்தவில்லை. அவள் மடியில் இருந்த குழைமேல் இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. மூன்றே மூன்று சொல்! படலைக்கு வெளியே அந்தக் குரல் கேட்ட முதல் நாள் அது.

கமலேஸ்வரி அன்று வீட்டில் பாயாசம் வைத்தாள். கனகசுந்தரம் கேட்டார்: "மிஸ்ஸோட கதைச்சவளோ?"

"இல்லை. ஆட்டோட. ஆனால் மிஸ்ஸுக்குக் கேக்க."

"மூண்டு மாசமாய் ஆட்டோட கதைக்கவோ ஆட்டோக்காரனுக்குக் காசு குடுத்தனான்?"

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆறாம் வகுப்புக்கு டவுனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கேட்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை நேர்முகம். பெயரென்ன, ஊரென்ன என்று பிள்ளையிடம் நேரே கேட்பார்களாம். நிரோஜினி, தான் ஒரு கடிதம் தருவதாகச் சொன்னாள். அதைக் காட்டினால் எழுதிக் காட்ட விடுவார்கள் என்றாள்.

"என்ன கடிதம்? என்ர பிள்ளை விசர் எண்டோ?"

"அப்பிடி இல்லை ஐயா. காலில காயம் இருந்தால் ஓட்டப்போட்டிக்கு விடுங்கோ எண்டு சொல்லுவமோ? அது மாதிரித்தான். எட்டாம் படிக்கு வந்திட்டா. இன்னும் நாலைஞ்சு கிழமை…"

"கிழமை, கிழமை! நான் ஒரு நாளைக்கு நாற்பது வாயைத் திறக்கிறனான் மிஸ். மூண்டு எண்ணுறதுக்குள்ள."

நிரோஜினியின் முகம் மாறியது. "பிள்ளை மீன் வாங்க வரேல்லை ஐயா," என்றாள். அவர் எழுந்து வந்துவிட்டார். அவள் எழுதி வைத்திருந்த கடிதத்தை அங்கேயே மேசையில் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. ஏலம் முடிகிற நேரத்தில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக அவர் வீட்டுக்கு வந்தார். "யது, சீனியைக் கூட்டிக்கொண்டு வா, கடற்கரைக்குப் போவம்" என்றார். தகப்பன் கூப்பிட்ட சந்தோஷத்தில் பிள்ளை துள்ளியது. கமலேஸ்வரி தலையை இழுத்துப் பின்னிவிட்டு, மிஞ்சிய நீல ரிபனைச் சீனியின் கழுத்தில் கட்டிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. படலை வரைக்கும் யதுசிகா கதைத்துக்கொண்டே போனாள். "அப்பா, சீனி கடலைக் கண்டால் பயப்பிடுமோ? அப்பா, திரும்பி வரேக்க ஐஸ்பழம் வாங்குவமோ?" படலையைத் தாண்டியதும் குரல் நின்றது, கை மட்டும் அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்தது.

அதுதான் அவள் அவரிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி. ஐஸ்பழம்.

கனகசுந்தரம் ஏற்கெனவே ஆள் பிடித்து வைத்திருந்தார். கிண்ணியாவிலிருந்து வரும் முத்தலிப் அவருக்கு மூத்தவர், கரையில் பழைய வியாபாரி. காலையிலேயே அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் விசயத்தைச் சொல்லியிருந்தார்.

"ஆட்டை ஏலத்தில விடப்போறன் நானா. நீங்கள் ஒராள்தான் கேக்க வேணும். பிள்ளை 'என்ர ஆடு' எண்டு ரெண்டு சொல்லுச் சொன்னால் ஏலம் முடிஞ்சுது. சொல்லாட்டிலும் ஆடு உங்களிட்டத்தானே, பிறகு நான் வாங்கிக்கொள்ளுறன்."

"புள்ளைய வெச்சி வெளையாடாத தம்பி."

"விளையாட்டில்லை நானா. வைத்தியம்."

முத்தலிப் அரை மனதோடு தலையை ஆட்டினார். அந்த அரை மனதை அவர் சாகும்வரை சபித்துக்கொண்டிருப்பார்.

கூறுகள் எல்லாம் போய், ஈரச் சாக்கு மட்டும் விரிந்து கிடந்தது. கனகசுந்தரம் ஆட்டின் கயிற்றை மகளின் கையிலிருந்து வாங்கி, சீனியைச் சாக்கின்மேல் நிறுத்தினார். கூட்டம் சிரித்துக்கொண்டு சுற்றிக் கூடியது.

"இது என்ன மீன் அண்ணே? நாலு காலு இரிக்கி!" என்றான் ஜவ்பர்.

"செதிளும் இல்ல, மயிர் இரிக்கி. வலையில புடிச்சதா, தூண்டில்லயா?"

"ரிபனோட வந்திரிக்கி, கலியாண மீன்!"

யதுசிகா எல்லோரையும் மாறிமாறிப் பார்த்தாள். கனகசுந்தரம் குனிந்து மகளின் காதில் சொன்னார்: "இஞ்ச பார் யது. அப்பா எண்ணுவன். மூண்டு எண்ணுறதுக்குள்ள, எல்லாருக்கும் கேக்க, 'என்ர ஆடு' எண்டு சொல்லு. ரெண்டே ரெண்டு சொல்லு. சொன்னால் சீனி உனக்கு. சொல்லாட்டி வாங்குறவருக்கு."

பிறகு நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருடக் குரல் கரையெங்கும் முழங்கியது.

முத்தலிப் சொன்னபடி ஒரு விலை கேட்டார். அப்போதுதான் அந்தப் பாவி வேளை வந்தது. மீன் ஏற்றவந்த கந்தளாய் லொறிக்காரன் இன்பாஸ், கூட்டத்தைக் கண்டு எட்டிப் பார்த்தான். நாடகம் எதுவும் தெரியாதவன். வீட்டில் நாலு வயது மகள் ஆட்டுக்குட்டி கேட்டு அழுகிறாள். வெள்ளை வெளேரென்று ஒன்று கண்முன்னால் நிற்கிறது. கையை உயர்த்தி ஒரேயடியாக இரட்டிப்பு விலை கேட்டான்.

முத்தலிப் திடுக்கிட்டுக் கூட்டிக் கேட்டார். இன்பாஸ் இன்னும் கூட்டினான். முத்தலிப் வியர்த்துப்போய், கனகசுந்தரத்துக்கு, "தம்பி, போதும், நிப்பாட்டு" என்று கண்ணைக் காட்டினார். நிறுத்தியிருக்கலாம். ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம்! ஆனால் கனகசுந்தரத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பிடித்தது. இது இன்னும் நல்லது, பிள்ளை இப்போது உண்மையாகவே பயப்படுவாள் என்று நினைத்தார்.

"ஒருதரம்!"

யதுசிகாவின் விரல்கள் சீனியின் மயிருக்குள் புதைந்தன. கழுத்து நீண்டது. தூண்டிலை விழுங்கிய மீனுக்குப்போல அவள் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. முகத்தில் இரத்தம் இல்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"ரெண்டுதரம்!"

அவள் வாய் திறந்தது. கனகசுந்தரத்தின் நெஞ்சு துள்ளியது. இதோ! எத்தனை ஆயிரம் வாய்களை இப்படிப் பார்த்திருக்கிறார்! இன்னும் ஒரு தள்ளு, ஒரே ஒரு தள்ளு!

"போதும் அண்ணே," என்றது யாரோ ஒரு குரல். அது ஜவ்பரின் குரல்.

பிள்ளையின் காலோடு ஏதோ ஒழுகி மணலை நனைத்தது. கூட்டம் அதைக் கண்டது. கனகசுந்தரமும் கண்டார். கண்டும் அவர் கண் உதட்டிலேயே நின்றது.

"சொல்லு! யது, சொல்லு! ரெண்டே ரெண்டு சொல்லு!"

அவள் சீனியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"மூண்டுதரம்!"

அவர் துவாயைப் போட வேண்டும் என்று நினைக்கவேயில்லை என்று பிறகு சத்தியம் பண்ணினார். கை தன்பாட்டில் தோளுக்குப் போயிற்று. சிவப்புத் துவாய் சீனியின் முதுகில் விழுந்தது.

இன்பாஸ் முன்னுக்கு வந்தவன் பிள்ளையின் முகத்தைக் கண்டு பின்வாங்கினான். "ஐயா, இது புள்ளட ஆடா? எனக்கி வேணாம் ஐயா. நீங்களே வெச்சிக்கிங்க."

முத்தலிப் கையைப் பிடித்தார். "தம்பி, மனுசன் வேணாங்கிறான். துவாய எடு."

கரை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. மச்சானுக்கு எடுக்காத துவாயை மகளுக்கு எடுத்தார் என்ற பேச்சு நாளைக்கு வராதா? அவர் மூளையில் இன்னொரு குரலும் சொன்னது: கயிற்றை இழுக்கும்போது கத்துவாள், கட்டாயம் கத்துவாள்.

"விழுந்தால் விழுந்ததுதான்," என்றார் கனகசுந்தரம். கயிற்றை இன்பாஸின் கையில் தானே திணித்தார். "கொண்டு போங்கோ."

சீனி இழுபட்டுக் கத்தியது. யதுசிகா இரண்டடி ஓடினாள். பிறகு நின்று, இரண்டு கையாலும் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டாள். லொறிக் கதவு சாத்தப்பட்டது. வளைவு திரும்பும்வரை ஆடு கத்திக்கொண்டே போனது. அந்தக் காலையில் கரையில் அழுத ஒரே சீவன் அந்த ஆடுதான்.

துவாய் மணலில் கிடந்தது. யதுசிகா அதை எடுத்தாள், மணலை உதறினாள், நாலாக மடித்தாள். கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் படலையைத் தாண்டினாள். கனகசுந்தரம் காத்துக்கொண்டு நின்றார். குசினியிலிருந்து கமலேஸ்வரி, "எங்கயடி சீனி?" என்று கேட்டாள். மறுமொழி இல்லை. அன்று இல்லை, அடுத்தநாள் இல்லை. தாய் கட்டிப்பிடித்துக் குலுக்கினாள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை தாயின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள், வாய் திறக்கவில்லை. வெளியில் மட்டும் இருந்த பூட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. திங்கட்கிழமை நேர்முகத்தில் பெயரென்ன என்று கேட்டார்கள். கேட்டவர் இரண்டு முறை கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை கனகசுந்தரம் ஏலத்துக்குப் போகாமல் கந்தளாய்க்குப் பஸ் ஏறினார். விசாரித்து விசாரித்து, குளத்துப் பக்கம் இன்பாஸின் வீட்டைக் கண்டுபிடித்தார். முற்றத்தில் சீனி நின்றது. பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று அதற்கு முருங்கை இலை ஊட்டிக்கொண்டிருந்தது.

இன்பாஸ் ஒரு சொல் மறுக்கவில்லை. "கொண்டு போங்க ஐயா. அண்டையிலேந்து எனக்கும் சோறு எறங்கல்ல," என்று கயிற்றை அவிழ்த்தான். அவ்வளவுதான்; அந்தச் சின்னது ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கக் கத்தியது.

"என்ட ஆடு! தரமாட்டேன்! என்ட ஆடு!"

கனகசுந்தரம் முற்றத்தில் அப்படியே நின்றார். தன் மகளிடம் கேட்ட அதே இரண்டு சொல். எண்ணாமலே, கேட்காமலே, தெளிவாக, உரத்து, வேறு ஒருத்தன் பிள்ளையின் வாயிலிருந்து. ஒரு கணம் கயிற்றை விட்டுவிடலாமா என்று நினைத்தார். விடவில்லை. அந்தப் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். குளக்கட்டு முடியும்வரை அந்தக் குரல் பின்னால் வந்துகொண்டேயிருந்தது.

வாடகை வான் வண்டியில் ஆட்டைக் கொண்டுவந்து மகள் முன்னால் நிறுத்தி, "பார் யது, அப்பா கொண்டந்திட்டன்!" என்றார். யதுசிகா சீனியைப் பார்த்தாள். தண்ணீர் வைத்தாள். குழை முறித்துப் போட்டாள். சீனி அவள் கையை நக்கிக்கொண்டு, வழக்கமான குரலைத் தேடி நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக் கத்தியது. அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள். ஆடு திரும்பி வந்தது. பேச்சு திரும்பி வரவில்லை.

நிரோஜினி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டாம் தரத்துக்குப் பிள்ளையின்ர வாய் திறந்ததெண்டு சொன்னீங்கள்," என்றாள். "அது கதைக்கத் திறக்கேல்லை ஐயா. மூச்சு எடுக்கத் திறந்தது."

"இனி என்ன மிஸ் செய்யிறது? ஏழாம் படியில இருந்து…"

"ஏழு இல்லை. புது ஏணி. பிள்ளையே எழுதட்டும், எது லேசு, எது கஷ்டம் எண்டு."

அடுத்த கிழமை அலுமாரிக் கதவில் புது மட்டை ஏறியது. பென்சிலால் யதுசிகா தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். முதற்படி: சீனி. இரண்டாம் படி: அம்மா. பிறகு மிஸ், காவலாளி மாமா, வகுப்பு, ரீச்சர், பஸ்ஸில் ஆட்கள், கடை. ஒன்பதாம் படியில் கடற்கரை. கனகசுந்தரம் விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டு மேலே மேலே போனார். எல்லாவற்றுக்கும் மேலே, பத்தாம் படியில், ஒரே ஒரு சொல் இருந்தது.

அப்பா.

பழைய ஏணியில் அவர் எந்தப் படியிலும் இருந்ததில்லை. அவரோடு கதைப்பதற்கு அவளுக்கு ஏணி தேவைப்பட்டதே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் குரலைத் தாழ்த்திப் பார்த்தார். பழகிய தொண்டை தாழவில்லை. ஒருநாள் இடியப்பம் வைத்துக்கொண்டு கமலேஸ்வரி, "எத்தனை வைக்க?" என்று கேட்டாள். "மூண்டு" என்றார். யதுசிகா சாப்பாட்டுக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள். கமலேஸ்வரி அகப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் இனிப் பிந்திச் சாப்பிடுங்கோ. பிள்ளை சாப்பிட்ட பிறகு."

கரையில் அவர் இன்னும் ஏலம் கூறுகிறார். துவாய் இன்னும் விழுகிறது. அவர் பெயருக்கு ஒரு குறைவும் இல்லை. ஜவ்பர் மட்டும் அவரோடு பகிடி விடுவதில்லை. முத்தலிப் அவரிடம் மீன் கேட்பதில்லை, சற்றுத் தள்ளி வேறு கரைக்குப் போகிறார்.

ஐந்து மாதம் போயிற்று. புது மட்டையில் ஒரு நட்சத்திரமும் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் தாயும் மகளும் ஆடும் ஆட்டோவில் போவார்கள். தகப்பன் உள்ளே வரக்கூடாது என்று நிரோஜினி சொல்லியிருந்தாள். ஒரு புதன்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே நடந்துபோனார். ஞானசேகரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு விட ஏலாது ஐயா. மதிலோட நில்லுங்கோ, சத்தம் போடாதேங்கோ" என்றார்.

மழை தூறியதால் அன்று பிள்ளையும் ஆடும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள். மதிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடம். தலைக்குமேல் ஒரு யன்னல் பாதி திறந்திருந்தது. கனகசுந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் ஆடு இலை கடிக்கும் சத்தம் மட்டுமே வந்தது.

பிறகு, காற்றைப்போல மெல்லியதாக, ஒரு சத்தம்.

"சீனி."

ஐந்து மாதம்! துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு கடித்தார். உள்ளே குரல் இன்னும் ஒரு சொல் சொல்லத் தொடங்கியது. கடவுளே, அதையும் கேட்கவேண்டும்! ஒரு அடி, ஒரே ஒரு அடி யன்னலுக்குக் கிட்டப் போனார். நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்தது விம்மலாக வெடித்தது. அடக்கத் தெரியாத தொண்டை. ஊருக்கே கேட்கும் தொண்டை.

உள்ளே சொல் பாதியில் அறுந்தது.

ஆடு கத்தியது. யாரோ எழும்பி வரும் காலடிச் சத்தம். நிரோஜினியாக இருக்கும் என்று நினைத்து அவர் கைகூப்பிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். யன்னலில் தெரிந்தது ஒரு சின்னக் கை. ஈர்க்குமாற்றுக் கோடு ஒன்றும் இல்லாத, மெலிந்த, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்த அதே கை. அது யன்னல் கதவைப் பிடித்து, சத்தமில்லாமல், கவனமாக இழுத்துச் சாத்தியது. பிறகு உள்ளே கொளுக்கி விழுந்தது.